வீட்டிலேயே காரின் பெயின்ட்டைப் பராமரிக்க எதை வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது: வடசென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காரின் பெயின்ட் மங்கிவிட்டது என்று தோன்றியவுடன் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு பாலிஷ் டப்பாவைத்தான். துணியில் தடவித் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், மறுபடியும் தேய்ப்பார்கள். இந்தக் கட்டுரை பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசையை. உங்கள் பணத்தின் பெரும்பங்கு முதலில் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் உரிய பொருள்களுக்குப் போக வேண்டும். அடுத்து, பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட உப்பையும் இரும்புத் துகளையும் தாரையும் எடுக்கும் பொருள்களுக்கு. அதன் பிறகே பாலிஷுக்கும் மெஷினுக்கும். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் தெருவோரம் நிற்கும் கார்களின் மேல் படிவது சாதாரணத் தூசு மட்டுமன்று என்பதால், இந்த வரிசை மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதலாகப் பொருந்தும்.

முதலில் பெயின்ட்டைப் பாருங்கள்

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. கம்பெனியில் அடித்த பெயின்ட்டில் இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் கனம்தான் வரும். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காரின் பளபளப்பும், வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் சக்தியும் பெருமளவில் இந்த மெல்லிய அடுக்கைச் சார்ந்தவை. பாலிஷ் போடுவது என்றால் கீறலை எதையோ வைத்து நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை நுணுக்கமாகச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் பாலிஷின் வேலை. சீவியது திரும்பி வராது. ஆகவே காரின் ஆயுளில் முழுமையான பாலிஷ் சில முறைதான் போடலாம். அந்தச் சில முறையும் தேவைப்படாதபடி கழுவுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

வாங்கப் புறப்படும் முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். இரவில், காரைக் கழுவிய பிறகு, கைபேசியின் டார்ச்சைப் பானெட்டுக்கு மேல் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், அவை தவறாகத் துடைத்ததால் வந்தவை. அடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பானெட்டை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாகத் தெளிவாகத் தெரியும். அது பெயின்ட்டில் ஒட்டி உட்கார்ந்துவிட்ட துகள்களின் அடையாளம். மூன்றாவதாக, கண்ணில் உறுத்தும் கீறல்கள் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் கிளியர் கோட்டில் மிக ஆழமாக இறங்கிவிட்டது அல்லது அதைத் தாண்டியே போய்விட்டது. எந்த பாலிஷ் டப்பாவாலும் அது போகாது. பானெட்டின் முன் விளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடங்களையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கடற்காற்று படும் இடத்தில் இவை விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், உங்கள் காரின் நிறக் குறியீட்டுக்குப் பொருந்தும் டச்-அப் பெயின்ட் ஒன்றை வாங்கி இவற்றை அடைப்பது மற்ற எல்லா வேலையையும்விட அவசரமானது.

நீங்கள் வசிக்கும் பகுதியும் பட்டியலை மாற்றும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கடலோரங்களில் முதல் எதிரி உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால், கார் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உப்புப் படிந்த இடம் ஈரமாகவே இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி வழியிலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினம் போகிறவர்களுக்கு டீசல் கரியும் பிரேக் தூளும் தார்ப் புள்ளிகளும் சேரும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் இரயில் பாதையை ஒட்டிக் காரை நிறுத்துபவர்களுக்கு, சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் எழும் நுண்ணிய இரும்புத் தூள். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்தில் நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும். இந்தச் சாம்பலின் துகள்கள் கண்ணாடித் தன்மை கொண்டவை, கடினமானவை. பவுடர்போல மென்மையாகத் தெரிகிறதே என்று உலர்ந்த துணியால் துடைத்தால், நீங்களே கிளியர் கோட்டில் உப்புத்தாள் தேய்க்கிறீர்கள் என்று பொருள்.

தண்ணீர்

எந்த ஷாம்பு என்று யோசிப்பதற்கு முன்பு எந்தத் தண்ணீர் என்று யோசிக்க வேண்டிய ஊர் இது. மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. கடலோரத் தெருக்கள் பலவற்றிலும் போர் தண்ணீர் கரிப்பாகவே இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டங்களை விட்டுச் செல்லும். அவற்றை உடனே துடைக்காவிட்டால் நாளடைவில் கிளியர் கோட்டிலேயே தடம் பதிந்துவிடும்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு சிறிய டி.டி.எஸ். மீட்டரை எழுதுங்கள். பேனா அளவில், அதிக விலை இல்லாமல் கிடைக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொரு தண்ணீரிலும் அதை நனைத்துப் பாருங்கள். 100-க்குக் கீழ் காட்டும் தண்ணீர் காருக்கு மிக நல்லது. 500-ஐத் தாண்டினால் கறை உறுதி. மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து ஏறும் தொட்டியாக இருந்தால், மெட்ரோ வாட்டர் வந்த அன்றே தனியாக இரண்டு குடம் பிடித்துவைத்துக்கொண்டு கடைசி அலசலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நோக்கம் நல்லது, ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பக்கெட்டில் பிடித்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. மீட்டரை நனைத்தால் நீங்களே பார்ப்பீர்கள்.

ஏற்கெனவே வெள்ளை வட்டங்கள் விழுந்திருந்தால், வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றிவைத்து, பின்பு நன்றாக அலசிப் பாருங்கள். அதற்கும் போகாதவை பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டவை; அவற்றுக்கு பாலிஷ்தான் வழி.

கழுவவும் துடைக்கவும் வாங்க வேண்டியவை

ஷாம்பு வாங்கும்போது பி.எச். நியூட்ரல் (அமிலமும் காரமும் அல்லாதது) என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுரை எவ்வளவு வருகிறது என்பதையோ, வாசனை என்ன என்பதையோ பொருட்படுத்த வேண்டாம். சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும், பெயின்ட்டின் மேல் நீங்கள் போட்டுவைத்த வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். 3எம், அதன் கீழுள்ள மெகுவையர்ஸ், டர்ட்டில் வாக்ஸ், சோனாக்ஸ், நம் நாட்டு வேவெக்ஸ், வாக்ஸ்பால் என்று எதன் நியூட்ரல் ஷாம்புவை எடுத்தாலும் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது. ஷாம்புவில் மிச்சப்படுத்திய பணத்தைத் துணியில் போடுங்கள்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்த்த சிலந்தி வலையின் பெரும்பகுதி துணியின் வேலை. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, மெக்கானிக் கடையின் பனியன் வேஸ்ட், பழைய வேட்டி, வாக்ஸ் தடவிய நூல் டஸ்டர் இவை எல்லாமே தூசியைத் தமக்குள் வாங்கிக்கொள்ளாமல் பெயின்ட்டின் மேலேயே இழுத்துச் செல்பவை. மைக்ரோஃபைபர் துணியின் இழைகள் துகளைப் பெயின்ட்டிலிருந்து தூக்கித் தமக்குள் வைத்துக்கொள்ளும். வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். துடைப்பதற்கும் பாலிஷை எடுப்பதற்கும் 300 முதல் 400 வரை போதும், ஈரம் உறிஞ்சும் பெரிய டவலுக்கு 600-க்கு மேல் வேண்டும். இன்னொன்று பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த விகிதம். 80-க்கு 20 நல்லது, 70-க்கு 30 இன்னும் மென்மையானது. விகிதமே எழுதாத பொட்டலத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எண்களை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய சி.டி. ஒன்றை எடுத்து, அதன் பளபளக்கும் பக்கத்தில் புதுத் துணியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்தத் துணி டயருக்கும் கதவின் உள்பக்கத்துக்கும்தான் ஆகும். நடுப்பகுதி தேறிய பிறகு அதே துணியின் விளிம்புத் தையலையும் தேய்த்துப் பாருங்கள். பல துணிகள் நடுவில் தேறி, முரட்டு நைலான் தையலில் தோற்றுவிடும். தைக்காமல் வெட்டிவிட்ட விளிம்புள்ளவை இந்த வகையில் பாதுகாப்பானவை. மூலையில் தைத்திருக்கும் லேபிளைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு, துடைக்கும் துணி ஒரு டஜன், பெரிய டவல் ஒன்று, கையுறைபோல மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் இரண்டு, 15 அல்லது 20 லிட்டர் பக்கெட் இரண்டு இருந்தால் போதும். ஒரு பக்கெட்டில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் தேய்த்தவுடன் மிட்டை வெறும் தண்ணீரில் அலசி, பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். பக்கெட்டின் அடியில் பொருத்தும் கிரிட் கார்டு என்ற சல்லடைத் தட்டு, அடியில் தங்கிய மண் மீண்டும் கலங்கி மேலே வராமல் தடுக்கும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், கதவின் கீழ்ப்பகுதியையும் பம்பரையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்துக்கு வேறு மிட் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையின் சந்துகளிலும், மாடிக் குடியிருப்புகளின் கீழும், குழாய் எட்டாத இடத்தில் கார் நிற்கும்போது இவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியாது. அத்தகையவர்கள் ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கும் திரவத்தை வாங்குவதே சிறந்தது. என் மதிப்பில் வடசென்னைக்கு மிகவும் ஏற்ற பொருள் இதுதான். எட்டுப் பத்து லிட்டர் தண்ணீரில், புட்டியில் சொன்ன அளவு கலந்தால் ஒரு முழுக் காரை முடித்துவிடலாம், அலச வேண்டியதில்லை. அதே கரைசலைக் கைப்பம்பு ஸ்ப்ரேயரில் நிரப்பி முதலில் காரின் மேல் தாராளமாகத் தெளித்துச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். பின்பு ஆறேழு துணிகளைக் கரைசலில் நனைத்து, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, ஒரு முகத்தால் ஒரு முறை மட்டும், ஒரே திசையில் துடையுங்கள். முகம் அழுக்கானால் அடுத்த முகத்துக்கு மாறுங்கள்; எட்டு முகமும் முடிந்தால் அந்தத் துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. மழைநாளில் சேறு அப்பிய காருக்கு மட்டும் இது ஆகாது. அன்றைக்குத் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை இறக்கிய பிறகே துணி தொட வேண்டும்.

காலையில் கார் துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால், அவரிடமே இந்தக் கரைசலையும் துணிகளையும் கொடுத்து, ஒரு நாள் உடனிருந்து செய்து காட்டுங்கள். ஒரே பக்கெட்டில் ஒரே துணியில் பத்துக் கார் துடைப்பது அவர் விரும்பிச் செய்வது அன்று, அவருக்கு யாரும் வேறு கொடுக்கவில்லை என்பதுதான் காரணம்.

பிரஷர் வாஷர் வசதியே தவிர அவசியமில்லை. வாங்குவதானால் வீட்டு உபயோகத்துக்கானது போதும்; முனையை ஒரு அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள், கல் தெறித்த இடத்தில் நேராகப் பாய்ச்ச வேண்டாம், அங்கிருந்து பெயின்ட் உரிந்து வரும்.

ஒட்டிக்கொண்டவற்றை எடுப்பது

பிளாஸ்டிக் பைச் சோதனையில் சொரசொரப்புத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. வரிசை மாறக் கூடாது: கழுவுதல், இரும்பை எடுத்தல், தாரை எடுத்தல், கடைசியில் ‘களிமண்’ எனப்படும் கிளே பார்.

ஐயன் ரிமூவர் என்பது தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் அடங்கிய திரவம். பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகளோடு சேர்ந்து அதைக் கரையக்கூடிய ஊதா நிறச் சேர்மமாக மாற்றும். வெள்ளைக் காரில் அடித்தால் நன்றாகப் பார்க்கலாம்: முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், பின்பு ஆங்காங்கே ஊசிமுனையளவு ஊதாப் புள்ளிகள் பூக்கும், அவை கோடாக வழிந்து பம்பர்வரை இறங்கும். கூடவே அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தக வாடையும் எழும், அது இயல்பானது. கையுறை போட்டுக்கொண்டு, நிழலில், பெயின்ட் தொட்டால் சூடில்லாத நேரத்தில் செய்யுங்கள், காய விடாமல் நிறைய நீரில் அலசுங்கள். வாங்கும்போது நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதை நிறமே சொல்லும். இரயில் பாதையோரம் கார் நிறுத்துபவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்தால் போதும்.

தாருக்கு மண்ணெண்ணெயும் டீசலும் எடுத்துக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கம். தார் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அவை விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பசையில் அடுத்த நாளே கரித்தூள் படியும், கண்ணாடி ஓர ரப்பரும் கெடும். தார் ரிமூவர் என்றே விற்பதைத் துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் அரை நிமிடம் வைத்தால், அழுத்தித் தேய்க்காமலே கரைந்து வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் பரவியதுபோன்ற நிலையில், அழுக்கைத் துணியால் பரப்பிவிடாமல், ரிமூவரால் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் முகத்தை மாற்றுவதுதான் முறை.

களிமண் என்று சொன்னாலும் கிளே பார் துகள்களை ஒட்டி எடுக்கும், மாவுபோல் பிசையக்கூடிய ஒரு செயற்கைப் பொருள். மென்மையானது, நடுத்தரம், முரடு என்று வகைகள் உண்டு. புதியவர் மென்மையானதை மட்டும் வாங்க வேண்டும். உள்ளங்கையில் பாதியளவு துண்டெடுத்துத் தட்டையாக்கி, ரின்ஸ்லெஸ் கரைசலைத் தாராளமாக அடித்து, எடையே கொடுக்காமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று ஒலி கேட்கும், துகள் எடுபட எடுபட ஒலி அடங்கும். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் புதுமுகம் எடுங்கள். தரையில் விழுந்த துண்டை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்; அதில் ஒட்டிய ஒரு மணல் பானெட் முழுக்கக் கோடு கிழிக்கும்.

பாலிஷும் மெஷினும்

இவ்வளவும் செய்தவுடன் பல கார்கள் பாலிஷ் இல்லாமலே நன்றாக இருக்கும். அப்படி இருந்தால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

வேண்டும் என்று முடிவானால், டூயல் ஆக்‌ஷன் பாலிஷரையே வாங்குங்கள். அதன் பேட் (பெயின்ட்டில் படும் மெத்தென்ற வட்டு) சுற்றிக்கொண்டே அலையவும் செய்வதால் சூடு ஓரிடத்தில் குவியாது. பெயின்ட் கடைகளில் பார்க்கும் ரோட்டரி மெஷின் கைதேர்ந்தவர்களின் கருவி. ஓரிடத்தில் சில நொடிகள் நின்றாலே கிளியர் கோட்டை எரித்துவிடும். ட்ரில் மெஷினில் மாட்டும் பேட் செட்டும் ஒருவகை ரோட்டரியே, அதையும் விட்டுவிடுங்கள். டூயல் ஆக்‌ஷனில் 8 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று அலைவு அளவுகள் உண்டு. நம் தெருக்களில் ஓடும் சிறிய ஹாட்ச்பேக்குகளுக்கு 5 அங்குலத் தட்டுள்ள 8 மில்லிமீட்டர் மெஷின் பிடிக்க எளிது, பெரிய எஸ்.யு.வி.க்கு 15 வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

பேட்களின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் நிறக்குறி வேறு. நடுத்தர ஃபோம் மூன்று, மென்மையான ஃபோம் இரண்டு போதும். திரவத்தில் மிகக் குறைவாகச் சீவும் ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, நடுத்தரமான மீடியம் ஒன்று என்று வாங்குங்கள்; அதிகமாகச் சீவும் கட்டிங் காம்பவுண்டை முதல் காருக்கு வாங்கவே வேண்டாம். ‘கீறல் நீக்கி’ என்று விற்பவை சிலவற்றில் கீறலை எண்ணெயால் மறைக்கும் பொருள்கள் இருக்கும். சில முறை கழுவியதும் கீறல் மீண்டும் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து, தேய்த்த இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச்சில் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நிலை.

முதல் தேய்ப்பு உங்கள் காரில் நடக்க வேண்டியதில்லை. புதுப்பேட்டையில் பழைய பானெட் ஒன்று வாங்கி, மாடியில் சாய்த்துவைத்துப் பழகலாம்; கை அழுத்தத்தை அறிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. பிறகு உங்கள் பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்தை டேப்பால் கட்டம் கட்டி, மிக மென்மையான சேர்க்கையிலிருந்து தொடங்குங்கள்: மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ். பேட்டில் பட்டாணியளவு நான்கு சொட்டு, வேகம் 4 அல்லது 5, நொடிக்கு ஓர் அங்குலம் நகரும் பொறுமை, ஒரு தடவலின் பாதியை அடுத்தது மூடும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பேட் சுற்றுகிறதா அல்லது உங்கள் அழுத்தத்தில் நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். முக்கால்வாசிக் கோடுகள் போய்விட்டால் அதுவே உங்கள் காருக்கான சேர்க்கை. போகாவிட்டால் முதலில் பேட்டை மாற்றுங்கள், பிறகு திரவத்தை. முழுக் கீறலையும் துரத்திப் போக வேண்டாம். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு, பம்பர் மூலை ஆகியவற்றில் பெயின்ட் மெல்லியது, அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்த கதவோ மட்கார்டோ இருந்தால் அதன் கனம் கம்பெனிக் கணக்குக்கு வராது. தனியாகச் சோதித்துத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் காரின் நிறமே ஒட்டி வந்தால் அங்கே கிளியர் கோட் இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது; ஒற்றை அடுக்குப் பெயின்ட் அடித்த பழைய காராக இல்லாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு

கார்னௌபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது. அழகாக மின்னும், ஆனால் அக்னி நட்சத்திரத்தின் வெயிலில் சில வாரங்களே நிற்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட நன்றாகத் தாங்கும், தடவி எடுப்பதும் எளிது. சிலிக்கா கலந்த ஸ்ப்ரேயைக் கழுவிய பின் அடித்துத் துடைத்தாலே ஆயிற்று. புதியவர் சீலன்ட் ஒன்று, இடையிடையே அடிக்க ஸ்ப்ரே ஒன்று என்று வைத்துக்கொண்டால் உப்புக்கும் வெயிலுக்கும் போதுமான காப்பு கிடைக்கும்.

செராமிக் கோட்டிங்கை வீட்டில் போட விரும்புபவர்கள், தூசு வராத மூடிய ஷெட் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரின் ஈரக் காற்றில் அது எதிர்பார்த்ததைவிட விரைவாக இறுகும். துடைக்கத் தவறிய இடம் திட்டாக உறைந்துவிட்டால் பாலிஷ் போட்டே எடுக்க வேண்டும். 9எச் என்று விளம்பரப்படுத்துவது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. கல் தெறித்தாலும் சாவியால் கிழித்தாலும் பெயின்ட் தப்பும் என்று அதற்குப் பொருள் கிடையாது. போர் தண்ணீரின் வெள்ளை வட்டங்களும் அதன் மேல் விழவே செய்யும். தெருவில் கார் நிறுத்துபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பூச்சு போடச் சரியான காலம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றின் ஈரமும் வருவதற்குள் காப்பு ஏறிவிடும். அதையடுத்து வரும் ஆயுதபூசைக்குச் சந்தனமும் குங்குமமும் இடுபவர்கள் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ இடலாம். பானெட்டில்தான் இட வேண்டும் என்றால், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல், அன்று மாலையே ஈரத்துணியை ஒற்றிவைத்து ஊறவிட்டு எடுங்கள். திருஷ்டி கழித்த சுண்ணாம்பு, மஞ்சள் நீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடத்தை அப்போதே அலசுங்கள். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை மிஞ்சினால் தேய்க்க வேண்டாம், வெயிலில் தானே வெளுத்துவிடும். இரண்டாவது காலம் ஜனவரி: மழை முடிந்து, போகிப் புகையின் கரியும் படிந்த பிறகு, ஐயன் ரிமூவரும் தேவைப்பட்டால் கிளேயும் போட்டு, சீலன்ட்டைப் புதுப்பியுங்கள். போகிக்கு முன்தினம் கவர் போட்டு மூடுவதானால் கழுவிய காரின் மேல் மட்டும் போடுங்கள். தூசிபடிந்த காரின் மேல் கவர் காற்றில் ஆடினால் அதுவே தேய்த்துவிடும்.

பயன்படுத்திய மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தித் துணியோடு சேர்க்காமல், திரவச் சலவைப் பொருளில், வெந்நீர் இல்லாமல் தனியே துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் இழைகளை அடைத்துவிடும், அதைச் சேர்க்க வேண்டாம். எண்ணூர், மணலிப் பக்கத்தில் மொட்டை மாடியில் காயப்போட்டால் கரித்தூள் அதிலேயே படியும் என்பதால் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவையுங்கள். காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, துடைப்பவை, சக்கரத்துக்கானவை என்று பெயர் எழுதி வையுங்கள். ஷாம்பு, பாலிஷ், சீலன்ட் புட்டிகளை டிக்கியில் போட்டுவைக்காமல், வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.